ஹெரெஸ் வார இறுதியும் என் பத்தாம் வகுப்பும்



உலக சூப்பர்பைக் பந்தயங்களோடு சேர்ந்து நடந்துவந்த சூப்பர்ஸ்போர்ட் 300 என்ற பிரிவை 2025 பருவத்தோடு முடித்துவிட்டார்கள். 2017-ல் தொடங்கிய பிரிவு. பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள் ஓட்டியது. 2026 முதல் அந்த இடத்தில் ஸ்போர்ட்பைக் என்று, இன்னும் பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகளின் பிரிவு. இந்தச் செய்தியைப் படித்ததும் 2021 செப்டம்பரில் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் நடந்த ஒரு வார இறுதிதான் என் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பைக் பந்தயம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சூப்பர்பைக் என்றால் நாம் ஷோரூமில் பார்க்கும் 1000 சிசி வண்டியைப் பந்தயத்துக்காகத் தயார் செய்தது. 200 குதிரைத்திறனுக்கும் மேல். வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம். சனிக்கிழமை தகுதிச் சுற்றும் முதல் பந்தயமும். ஞாயிறு காலை 10 சுற்று கொண்ட குறும்பந்தயம், மதியம் இரண்டாவது பெரிய பந்தயம். இவற்றுக்கு இடையில் சின்ன வண்டிகளின் பந்தயங்களும் நடக்கும். அந்தச் சின்ன வண்டிகளில் சின்னது இந்த 300 பிரிவு. யமஹா ஆர்3, கவாஸாகி நிஞ்ஜா 400, கேடிஎம் ஆர்சி 390 போன்றவை. நம் ஊர்ச் சாலையிலும் பார்க்கிற வண்டிகள்தான்.

உண்மையைச் சொன்னால், பெரிய பந்தயத்தைவிட இந்தக் குட்டிப் பந்தயம்தான் பல வாரங்களில் சுவாரஸ்யமாக இருக்கும். 1000 சிசி வண்டிகள் நாலைந்து சுற்றுக்குள் பிரிந்து போய்விடும். 300 பிரிவில் கடைசிச் சுற்று வரை பத்துப் பதினைந்து பேர் ஒரே கொத்தாக வருவார்கள். முதல் இடத்தில் இருப்பவன் அடுத்த வளைவில் எட்டாவது இடத்தில் இருப்பான். 2018-ல் ஸ்பெயினின் அனா கராஸ்கோ இந்தப் பிரிவில்தான் பட்டம் வென்றார். ரோடு ரேசிங் எனப்படும் தனிநபர் பைக் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் பெண் அவர். அந்தப் பருவத்தை என்னால் மறக்க முடியாது.

ஏன் இப்படிக் கொத்தாக வருகிறார்கள்? அறிவியல் ஆசிரியனாக இதை ஒரு பாடமாகவே சொல்லலாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சின்ன எஞ்சினின் சக்தியெல்லாம் நேர்ப்பாதையில் காற்றைத் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். முன்னால் போகிறவன் காற்றைப் பிளந்துகொண்டு போக, பின்னால் ஒட்டி வருகிறவனுக்குத் தடை குறைகிறது. அந்தக் காலத்தில் லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். அதனால் 300 பிரிவில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தனியாகப் பிரிந்து ஓடிவிட முடியாது. எல்லோரும் ஒருவர் பின்சக்கரத்தில் மற்றவர் ஒட்டியபடிதான் போயாக வேண்டும்.

அந்த நெருக்கத்தில் நடுவில் ஒருவன் விழுந்தால்?

2021 செப்டம்பர் 25, சனிக்கிழமை. ஹெரெஸில் 300 பிரிவின் முதல் பந்தயம். டீன் பெர்டா வின்யாலெஸ் என்ற பையன் விழுந்தான். பின்னால் வந்த வண்டிகளுக்கு விலக இடமில்லை, நேரமும் இல்லை. சிவப்புக் கொடி காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் இறந்த செய்தி வந்தது. வயது 15. மோட்டோஜிபி வீரர் மேவரிக் வின்யாலெஸுக்கு உறவுக்காரப் பையன். அன்று மீதமிருந்த பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். ஞாயிறன்று மௌன அஞ்சலி செலுத்திவிட்டு சூப்பர்பைக் பந்தயங்கள் நடந்தன. இரண்டையும் துருக்கியின் டொப்ராக் ரஸ்கட்லியோலு வென்றார். அந்த ஆண்டு ஜொனதன் ரேயின் ஆறாண்டு ஆதிக்கத்தை முடித்து உலகப் பட்டம் வாங்கியவர். அவர் ஓட்டிய விதம் அபாரம். ஆனால் அன்று கைதட்ட எனக்குக் கை வரவில்லை.

அந்த ஒரே ஆண்டில் இது மூன்றாவது மரணம். மே மாதம் இத்தாலியின் முஜெல்லோவில் ஜேசன் டுபாஸ்கியே, வயது 19. ஜூலையில் ஸ்பெயினின் அரகோனில் ஹ்யூகோ மில்லான், வயது 14. மூன்றும் ஒரே மாதிரி. விழுந்ததால் போகவில்லை, விழுந்த பின் இன்னொரு வண்டி மோதியதால் போனார்கள். 2010-ல் தொமிசாவா, 2011-ல் சிமொன்செல்லி, 2013-ல் அந்தொனெல்லி என்று அதற்கு முன்பும் இதே கதைதான். தடுப்புச் சுவர்களைத் தள்ளி வைத்தார்கள், சரளைக் குழிகளை அகலப்படுத்தினார்கள், உடைக்குள் காற்றுப்பை வைத்தார்கள். ஒவ்வொன்றும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி வேகத்தில் வந்து மேலே மோதும்போது எந்த உடை தாங்கும்?

என் நெஞ்சை அறுத்தது இதுதான்: நான் நாற்காலி நுனிக்கு வந்து ரசித்த அதே நெருக்கம்தான் அந்தப் பையனைக் கொன்றது. இரண்டும் வேறு வேறு அல்ல. பந்தயத்தைச் சுவாரஸ்யமாக்க வண்டிகளைச் சமமாக்கினார்கள். சமமாக்கியதால் கூட்டம் பிரியவில்லை. கூட்டம் பிரியாததால் விழுந்தவனுக்குத் தப்ப வழியில்லை. சின்ன வண்டி, குறைந்த வேகம், அதனால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று நாம் நினைப்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

பிறகு விதி மாறியது. 300 பிரிவுக்கு 2022 முதல் குறைந்தபட்ச வயது 16. மோட்டோ3-க்கு 2023 முதல் 18. நல்லதுதான். ஆனால் வயதைக் கூட்டினால் காற்றின் விதி மாறாது. 16 வயதுப் பிள்ளைகளும் கொத்தாகத்தான் போவார்கள். ஒரே நேரத்தில் எத்தனை வண்டியை விடுவது என்பதும், எஞ்சின் ஒருவரையொருவர் விலகி ஓடும் அளவுக்கு இருக்கிறதா என்பதும் வயதுக்குச் சமமான கேள்விகள். புதிய பிரிவில் இது சரியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

இது எங்கோ ஸ்பெயின் கதை என்று விட்டுவிட முடியாது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் முதல் நம்மூருக்கு இந்த மோகம் உண்டு. 2023 ஆகஸ்டில் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில், தேசிய அளவிலான போட்டியில் ஓட்ட வந்த பெங்களூருப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். வயது 13. அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். 13 வயது என்றால் எட்டாம் வகுப்பு. நம் சட்டப்படி கியர் வண்டி உரிமத்துக்கு 18 வயது ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் இருந்தவன் நான். 15 வயதுக்காரனுக்குப் பயம் தெரியாது, அது அந்த வயதின் இயல்பு. பயத்தை அவனுக்காகச் சுமக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். சட்டத்தின் கண்டிப்போ பணத்தின் கணக்கோ அந்த வேலையைச் செய்யாது.

பந்தயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவில் தலைக்கவசம் இல்லாமல் சாகசம் காட்டுவதைவிட, ஆம்புலன்ஸும் மருத்துவரும் நிற்கிற தளத்தில் ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். டொப்ராக்கின் தந்தை புகழ்பெற்ற சாகச ஓட்டுநர். அவரே 2017-ல் உயிரிழந்தது சாலை விபத்தில்தான். திறமையுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் சேர்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஓடுவார்கள்? ஒருவன் விழுந்தால் எத்தனை நொடியில் கொடி காட்டுவீர்கள்? என் பிள்ளைக்குப் பின்னால் வருகிறவனுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

நான் இன்றும் சூப்பர்பைக் பார்க்கிறேன், இனியும் பார்ப்பேன். ஆனால் பதினைந்து பேர் ஒரே கொத்தாக வளைவுக்குள் நுழையும்போது, யார் முதலில் வருகிறான் என்று பார்ப்பதற்கு முன் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்கிறேன். சுற்றுலா கூட்டிப் போன ஆசிரியருக்கு வரும் பழக்கம் அது.

சோழவரம், இருங்காட்டுக்கோட்டை போய்ப் பார்த்த நண்பர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.