கரிசலும் மலைமண்ணும்

சித்திரை வெயிலில் கொழிஞ்சாம்பாறைக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கேரளம் என்றாலே மழை என்பார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் மழைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அம்மிச்சி எருக்குழியைப் புளியமரத்து நிழலில் வெட்டியிருந்தார். கடலைக்கொடி, மாடு கழித்த சோளத்தட்டு, சாணி, அடுப்புச் சாம்பல் எல்லாம் அதற்குள் போகும். அரிசி களைந்த தண்ணீரும் அங்கேதான். காய்ந்தால் மக்காது என்பார். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்ப்பார். கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது.

கல்யாணமாகி மூணாறு எஸ்டேட் லயத்துக்கு வந்தால் அங்கே ஆடி மாதம் வெயிலே இல்லை. அடுத்த வீட்டு அக்கா குழி வெட்டவே மாட்டார். மேட்டில் கல் பரப்பி, சுற்றிலும் மூங்கில் தப்பை அடைத்து, மேலே பழைய தகரம் போட்டிருந்தார். பீன்ஸ் கொடி, மேரக்காய்த் தோல், சில்வர் ஓக் சருகு, நடுநடுவே சாணி. காலைக் குளிரில் கிளறினால் ஆவி பறக்கும். உள்ளே கை வைக்க முடியாது. நன்றாக அமைந்த குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடாகும், களை விதையெல்லாம் செத்துப்போகும் என்று பின்னாளில் படித்தேன். தண்ணீர் தேங்கிக் காற்று போகாவிட்டால் அந்தச் சூடு வராது, நாற்றம்தான் வரும்.

சாலக்குடிக்கு மேலே தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய தொட்டியிலும் இதே சங்கதிதான். சுற்றிலும் இடைவெளி விட்ட அடைப்பு, சாணி ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு, காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு. 90 நாளில் எரு. இன்று கேரளம் முழுக்க உள்ளாட்சிகள் அதை வைத்திருக்கின்றன. ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் ஆராய்ந்து 1931இல் புத்தகமாக எழுதிய முறைக்கும் ஈரமும் காற்றும்தான் அடிப்படை.

அம்மிச்சியின் அந்த ஒரு பிடிக் கணக்கு மலையிலும் பிசகவில்லை. அங்கே ஈரத்தைக் காக்கக் குழி, இங்கே ஈரத்தை வடிக்க மேடு. முடிவில் கிடைக்கும் எரு ஒன்றுதான். இறுகிய கரிசலை அது இளக்குகிறது; சரிவில் கரைந்தோடும் மலைமண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. கம்போஸ்ட் போட ஆசைப்பட்டு யோசனை கேட்பவர்களிடம், உங்கள் ஊரில் மழை எப்படி என்றுதான் முதலில் கேட்கிறேன்.