ஞாயிற்றுக்கிழமை உருண்டை

கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது முதல், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புவோர் பலர். டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாக்களாகிய நாங்கள் அவர்களை நாள்தோறும் காண்கிறோம். பிள்ளைகளோடு கூடியிருக்க அவர்கட்கு வாய்ப்பது ஞாயிறு ஒன்றே. அன்று சாக்லேட் உருண்டை பிடியுங்கள்; அடுப்பு மூட்ட வேண்டாமாதலின் சிறுவரும் கைகொடுக்கலாம்.

மாரி பிஸ்கட் 100 கிராம், வறுத்த வேர்க்கடலை 50 கிராம் இடித்து, கொக்கோத்தூள் 2 மேசைக்கரண்டி சேர்த்து, டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். கையில் நெய் தடவி உருட்டுங்கள்.

மேனாட்டார் ஹேசல் பருப்பு இடுவர். அதுவும் தட்டுப்பாட்டில் வளர்ந்த வழக்கமே: 1946இல் இத்தாலியின் ஆல்பா நகரில் பியெத்ரோ ஃபெரேரோ, போரினால் கொக்கோ அருகியமையால் அவ்வூர்ப் பருப்பை மிகுதியாகக் கலந்தார். நமக்கு வேர்க்கடலை.

இரண்டு உருண்டைகளைத் திங்கட்கிழமை ரயிலுக்கு எடுத்து வையுங்கள்.