ஒரு கேள்விக்கு நான் கொடுக்காத பதில்



இது ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1985-ஆம் வருடம். இளையரசனேந்தல் அப்போது சங்கரன்கோவில் தாலுகா. வகுப்பில் கூட்டுறவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து கடை வைத்த கதை, ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபத்தில் பங்கு என்று சொல்லிவிட்டு, "பாலுக்குச் சங்கம் இருக்கு, கடனுக்குச் சங்கம் இருக்கு, வேற எதுக்கெல்லாம் வைக்கலாம்?" என்று கேட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "கரண்டுக்கு வைக்கலாமா சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். "கரண்டு என்ன கத்தரிக்காயாடா? உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். பத்தாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டான்.

2022 டிசம்பரில் தெலங்கானாவில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் போன் செய்தார். "சார், இங்க சிரிசில்லாவுல கரண்ட் சங்கத்துக்கு எலெக்‌ஷன் நடக்கு. 15 டைரக்டர். கட்சிக்காரங்கல்லாம் எம்.எல்.ஏ. எலெக்‌ஷன் மாதிரி அலையுறாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்துப் படித்தேன். கிராமப்புற மின்மயக் கழகம் 1969-இல் தொடங்கியதும் நாட்டில் ஐந்து இடங்களில் மின் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விசைத்தறிகள் ஓடும் சிரிசில்லாவில் 1970 முதல் நடக்கிறது. அரசு நிறுவனத்திடம் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி வீட்டுக்கும் தறிக்கும் கிணற்றுக்கும் கொடுப்பது சங்கம். மின் இணைப்பு வாங்கியவர் அங்கே வெறும் வாடிக்கையாளர் இல்லை, பங்குதாரர். கர்நாடகத்தில் ஹுக்கேரியிலும் ஒரு சங்கம் உண்டு. அமெரிக்கக் கிராமங்களிலோ 1930-களிலேயே விவசாயிகள் இப்படிச் சேர்ந்துதான் கம்பி இழுத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் கேட்ட நாளில் சிரிசில்லா சங்கத்துக்கு வயது பதினைந்து. வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை.

நம் பக்கத்துச் சனம் கரண்டுக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மின் கட்டணத்தைக் கூட்டியதை எதிர்த்து 1970-இல் நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். விவசாயிகளுக்குத் தலைமை தாங்கிய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் நம் கோவில்பட்டியில்தான் கண்மூடினார். அந்தப் பேச்சு ஊரில் அடங்காத நாட்களில்தான் பையன் அப்படிக் கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் அப்பாவுக்குக் கிணறும் மோட்டாரும் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

போன பொங்கலுக்கு அவனைத் தேடிப் போனேன். தலை நரைத்துவிட்டது. மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, "நீ கேட்டது சரிதான்டா, நான்தான் தப்பு" என்றேன்.

"அந்தக் கேள்வி ஞாபகம் இல்ல சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கப்புறம் வகுப்புல நான் எந்திரிச்சுக் கேட்டதில்ல, அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனே பேச்சை மாற்றினான். "சரி சார், அந்தச் சங்கத்துல கணக்கு யாரு பாப்பா? பாக்கி விழுந்தா என்ன செய்வாக?"

மறுபடியும் சரியான கேள்வி! மகாராஷ்டிரத்தில் ஸ்ரீராம்பூர் பக்கம் முளா-பிரவரா என்ற சங்கம் அப்படித்தான் நிலுவை ஏறி, 2011-இல் விநியோகத்தை மாநில நிறுவனத்திடம் விட்டுவிட்டது. ஓட்டு மட்டும் போட்டால் போதாது, உறுப்பினர் பொதுக்குழுவில் உட்கார்ந்து கணக்கும் கேட்க வேண்டும். இந்த முறை சிரிக்காமல், தெரிந்ததை முழுதாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

நம் ஊருக்கு மின் சங்கம் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பால் சங்கத்திலும் கடன் சங்கத்திலும் நம்மில் பலர் உறுப்பினர்தானே? கடைசியாக எந்தப் பொதுக்குழுவுக்குப் போனோம்? எந்தக் கணக்கைக் கேட்டோம்?

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி பெஞ்சிலிருந்து விசித்திரமான கேள்வி வந்தால், "தெரியலப்பா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நான் சொல்ல முப்பத்தெட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்