கண்ணடித்த அம்பாசடர்

மாமாவின் அம்பாசடர் 1989 மாடல். 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றபோது, மனுஷர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அப்படிப்பட்டவரே, "இந்தத் தடவையும் லைட் மக்கர் பண்ணினா காயலான் கடைதான்டா" என்று சொல்லிவிட்டுத்தான் திருக்கோவிலூருக்கு வண்டியை எடுத்தார்.

திருவண்ணாமலை வரை சூரியன் உபயம். அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் இருட்டிவிட்டது. ஹெட்லைட் போட்டால் அகல் விளக்கு. இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தது! எதிரே வந்த லாரிக்காரர் எங்களை மொபெட் என்று நினைத்தாரோ என்னவோ, நேராக மேலேயே வந்தார். மாமா ஒடித்து, புளியமரத்துக்கு ஓரடி முன்னால் நிறுத்தினார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.

உருட்டிக்கொண்டே ஊருக்குள் வந்தோம். இருட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. பொய்கை, பூதம், பேய் என்ற முதல் மூன்று ஆழ்வார்களும் மழை கொட்டிய ஒரு ராத்திரி ஒதுங்கிய இடைகழி இங்கேதான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நாலாவதாக யாரோ நெருக்க, யார் என்று பார்க்கப் பாட்டாலேயே விளக்கேற்றினார்களாம். நெருக்கியவர் உலகளந்த பெருமாள். எங்களுக்குப் பாட வராது. ஆகவே ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடினோம்.

அறுபது வயசு இருக்கும். "இதுவரைக்கும் இன்னா மாத்துனீங்க தம்பி?" என்றார்.

பேட்டரி, பல்பு, ஸ்விட்ச் என்று சொன்னேன். சிரித்தார்.

எதையும் கழற்றவில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் வயரிலும், இன்னொன்றை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். அங்கே கால் வோல்ட்கூடக் காட்டக் கூடாதாம். காட்டியது 3! பன்னிரண்டு வோல்ட்டில் மூன்று போகிற வழியிலேயே காலியானால், வெளிச்சம் பாதிகூடத் தேறாது.

"வீட்டுல கரண்ட்டு வர ஒரு வயரு, திரும்பிப் போவ ஒரு வயரு. கார்ல திரும்புற வழி பாடிதான். அந்த வழி அடைச்சா, கரண்ட்டு பக்கத்து பல்பு வழியா பூந்து வெளிய போவப் பார்க்கும். அதான் பார்க் லைட்டு கண்ணடிக்குது."

பி.காம். படித்த எனக்கு உறைத்தது. நாலு வருஷமாக டெபிட் பக்கத்தையே தணிக்கை செய்திருக்கிறோம். கிரெடிட் பக்கத்தை ஒருத்தரும் புரட்டவில்லை. (ஆடிட்டர் ஆபீசிலும் இது நடப்பதுதான்.)

முன்பக்க விளக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த், ஒரே போல்ட்டில் முடுக்கியிருந்தது. சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடித்து, புது வயரிங் போட்டபோது, அந்த இடத்தைச் சுரண்டாமல் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட்டில் கரண்ட் பாயுமா? மரையில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் துரு தின்றுவிட்டது. பேட்டரிக்கு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் அழுதிருந்தார் மாமா.

உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வயர் முனையையும் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி மீட்டர். 0.1.

மாமா ஸ்விட்சைப் போட்டார். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரில் அச்சகத்தின் பெயர்வரை படிக்க முடிந்தது.

இருநூறு கொடுத்தார் மாமா. நூறை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார் பெரியவர்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பினோம். சுள்ளென்று வெயில். மாமா ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார்.