மிருகசாலையில் மாமியார் கண்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் கூடத்து ஜோடனையை மட்டுமா பார்க்கிறோம்? கொல்லைப்புறத்தையும் தண்ணீர்ப் பானையையும் ஓரக்கண்ணால் அளந்து விடுகிறோமல்லவா? சகோதரிகளே, அந்தக் கண்ணை மிருகசாலைக்கும் கொண்டு போங்கள்!

மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் என்று ஒன்று 1992 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அதன் அங்கீகாரமின்றி மிருகசாலை நடத்தச் சட்டம் இடம் தராது. ஆனாலும் 'பறவைப் பூங்கா', 'செல்லப் பிராணிப் பூங்கா' என்று பலகை மாட்டிக் கொண்டு சீட்டு விற்கிற இடங்கள் இல்லாமல் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் குழந்தைகளோடு அப்படி ஓரிடத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மக்காவ் கிளி. மார்பெல்லாம் மொட்டை, தலையில் மட்டும் இறகு பளபளவென்று இருந்தது.

"இறகு உதிர்கிற காலம், அம்மா" என்றார் அங்கிருந்த ஆள்.

உதிர்கிற இறகு தலையில் மட்டும் உதிராதோ? அலகு எட்டுகிற இடமெல்லாம் மொட்டை, எட்டாத தலை மட்டும் பத்திரம் என்றால், கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக் கொள்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும். உடம்பில் நோய் இருக்கலாம்; தனிமையும் சலிப்பும் கூடக் காரணமாகலாம். எதுவானாலும் அது வைத்தியரிடம் போக வேண்டிய பறவை. அதைத்தான் காசு வாங்கிக் கொண்டு தோளில் வைத்துப் படம் எடுக்கிறார்கள்!

நீங்களும் கவனியுங்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி படர்ந்திருக்கிறதா? உச்சி வெயிலுக்கு ஒதுங்க நிழல் உண்டா? கூட்டமாக வாழும் குரங்கு ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறதா? ஒரு மிருகம் ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருந்தால், கொஞ்சம் நின்று பாருங்கள். தீனி நேரமானால் அப்படித் தவிப்பது உண்டு. தீனி தின்ற பிறகும் ஓயவில்லையென்றால் அதன் மனசு சரியாக இல்லை.

"புலியைக் காணோமே!" என்று குழந்தை சிணுங்கினால் ஏமாற்றம் வேண்டாம். நம் கண்ணில் படாமல் படுத்திருக்க ஒரு மறைவிடம் கொடுத்திருக்கிறார்களே, அதுவே நல்ல பராமரிப்புக்கு ஓர் அடையாளம்.

சீட்டு வாங்குமுன், "அங்கீகாரம் உண்டா, ஐயா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். நாம் கொடுக்கிற காசில்தான் அடுத்த கிளி அந்தக் கூண்டுக்கு வந்து சேரும்!