ஃபுட்பால் பார்க்கணும், அவ்வளவுதான்

உங்களுக்கு என்று ஒரு டீம் இருக்கிறதா?

சி.எஸ்.கே. என்று சொல்லாதீர்கள். அது ராசி, நட்சத்திரம் மாதிரி. பிறக்கும்போதே நம் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 2016, 2017 இரண்டு வருஷமும் அவர்கள் சஸ்பெண்ட் ஆகிக் கிடந்தபோது காத்திருந்தோம், வாஸ்தவம். 2018-ல் திரும்பி வந்த வேகத்தில் கோப்பையைத் தூக்கி, நம் காத்திருப்பை வட்டியோடு தீர்த்துவிட்டார்கள். 2025-ல் பத்து டீமில் பத்தாவதாக வந்தார்கள். அதனாலென்ன, வீட்டில் ஐந்து கோப்பை இருக்கிறது. பணக்கார மாமா வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் கொஞ்சம் உப்பாகிப்போனால் யாராவது உறவை முறித்துக்கொள்வார்களா?

நான் கேட்பது வேறு மாதிரி டீம். ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. இந்தச் சனிக்கிழமை தோற்கும். அடுத்த சனிக்கிழமையும் தோற்கும். மழையில் நனைந்து வீடு திரும்பினால், ‘‘இன்னிக்கும் தோத்துட்டு வந்தாச்சா?’’ என்று வீட்டில் கேட்பார்கள். கவனியுங்கள், நீங்கள் ஆடவே இல்லை. ஆனாலும் தோற்றது நீங்கள்தான்!

இப்படிப்பட்ட ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் விம்பிள்டன்காரர்கள்.

விம்பிள்டன் என்றதும் உங்களுக்கு டென்னிஸ் ஞாபகம் வரும். நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் செமி ஃபைனல் வரை போன புல்தரை. அதே லண்டன் பேட்டையில் 1889-ல் பிறந்த ஒரு ஃபுட்பால் கிளப்பும் உண்டு. டென்னிஸுக்கு ராஜ குடும்பம் வரும். ஃபுட்பாலுக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் வருவார்கள். ரொம்பக் காலம் சில்லறை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த கிளப், 1977-ல் பெரிய லீகின் கடைசிப் படியில் கால் வைத்தது. ஒன்பதே வருஷத்தில், 1986-ல், இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குப் போய்விட்டது. 1988-ல் எஃப்.ஏ. கப் ஃபைனல். எதிரே அந்த வருஷத்து லீக் சாம்பியன் லிவர்பூல். இந்தப் பக்கம், ஒரு காலத்தில் கட்டட வேலையில் செங்கல் சுமந்த வின்னி ஜோன்ஸ் மாதிரி ஆட்கள். லாரி சான்செஸ் தலையால் முட்டி ஒரு கோல். கோல்கீப்பர் டேவ் பெஸன்ட் ஒரு பெனால்ட்டியைப் பாய்ந்து தடுத்தார். 1-0. கோப்பை விம்பிள்டனுக்கு!

சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். நிஜத்தில் சங்கடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அவர்களுடைய மைதானம் பிளவ் லேன். பழசு, சின்னது. ஹில்ஸ்பரோ விபத்துக்குப் பிறகு வந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அது தாங்காது என்று, 1991-ல் கிளப்பைக் கிளப்பிக்கொண்டு போய் கிரிஸ்டல் பேலஸ் டீமின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் வைத்தார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். பதினோரு வருஷம் ஓடியது. நடுவில் 2000-ல் டீம் முதல் டிவிஷனிலிருந்தும் இறங்கியது. முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். லண்டனிலிருந்து சுமார் 90 கிலோ மீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் என்று ஒரு புது ஊர். அங்கே பெரிய லீகில் ஆடும் கிளப் கிடையாது. டீமை அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன?

யோசித்துப் பாருங்கள். மயிலாப்பூர் தெப்பத்தை, ‘இங்கே இட நெருக்கடி, திண்டிவனத்தில் நல்ல இடம் கிடைக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு போனால்?

ரசிகர்கள் கத்தினார்கள், ஊர்வலம் போனார்கள், மனு கொடுத்தார்கள். 2002 மே 28-ம் தேதி மூன்று பேர் கொண்ட கமிஷன் தீர்ப்பு சொன்னது. இரண்டுக்கு ஒன்று. டீம் போகலாம். ரசிகர்கள் தனியாக ஒரு கிளப் ஆரம்பிப்பது பற்றியும் கமிஷன் யோசித்திருந்தது. அது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததில்லை என்று அறிக்கையில் எழுதி வைத்தது.

இரண்டு நாள் கழித்து ரசிகர்கள் கூடினார்கள். அப்பீல் போகலாமா, இன்னும் போராடலாமா என்று பேச்சு. அப்போது கிரிஸ் ஸ்டூவர்ட் என்ற ரசிகர் எழுந்து, சண்டை போட்டு அலுத்துவிட்டது, எனக்கு ஃபுட்பால் பார்க்கணும் என்கிற அர்த்தத்தில் பேசினார். அவ்வளவுதான். புதுக் கிளப் பிறந்துவிட்டது. பெயர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன்.

கிளப் பிறந்தது சரி, ஆட ஆள்? ஜூன் 29-ம் தேதி விம்பிள்டன் பொது மைதானத்தில் ஆள் எடுப்பு. ஆடத் தெரிந்தவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஜூலை 10-ம் தேதி முதல் மேட்ச், சட்டன் என்ற டீமோடு. நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். திருப்பி ஒன்றுகூட அடிக்கவில்லை. அந்தத் தோல்வியைப் பார்க்க வந்து நின்றவர்கள் 4,657 பேர்!

அப்புறம் உள்ளூர் லீகில் அடிமட்டத்திலிருந்து ஆரம்பம். தபால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆடுகிற மட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த முதல் சீஸனில் மேட்ச்சுக்குச் சராசரியாக மூவாயிரம் பேர் வந்தார்கள். அதே சீஸனில், பல படி மேலே, இன்னும் இடம் மாறாமல் ஆடிக்கொண்டிருந்த பழைய கிளப்புக்கு வந்த கூட்டம் அதைவிடக் குறைவு. நடுவில் 78 லீக் மேட்ச் தொடர்ந்து தோற்காமல் ஒரு சாதனை. ஐந்து படி ஏறி, 2011-ல் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் ஜெயித்துப் பெரிய லீகுக்குள் மறுபடி நுழைந்தார்கள். இப்போதும் ஒன்பது வருஷம்தான்! கிளப் அறக்கட்டளையின் கையில். ரசிகர்கள்தான் உறுப்பினர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு.

விசுவாசம் என்றால் நாம் பொறுமையைத்தான் நினைக்கிறோம். வாயை மூடிக்கொண்டு, டீம் எங்கே போனாலும் கூடவே போவது. விம்பிள்டன்காரர்கள் அப்படிப் போகவில்லை. ‘நீங்கள் எடுத்துக்கொண்டு போவது பெயர்ப் பலகையை, கிளப் இங்கேயே இருக்கிறது’ என்று உட்கார்ந்துகொண்டார்கள். டிக்கெட் கிழித்தார்கள், பெயின்ட் அடித்தார்கள், கேன்டீனில் டீ ஆற்றினார்கள், கணக்கு எழுதினார்கள். 2007-ல், பழைய கிளப் மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்த 1988 கோப்பையின் நகல் முதலான சொத்துக்கள்கூட விம்பிள்டன் பகுதி நகராட்சிக்கே திரும்பி வந்துவிட்டன.

2020 நவம்பர் 3-ம் தேதி பிளவ் லேனில், பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கட்டிய புது மைதானத்தில் முதல் மேட்ச். பழைய இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தாகிவிட்டது. 29 வருஷம் கழித்து வீடு திரும்பிய நாள். கேலரி காலி. கொரோனா! ஒரு ரசிகருக்கும் அனுமதி இல்லை. மேட்ச் 2-2 ட்ரா. அந்த வருஷம் அந்த ரசிகர்களில் பலர், பேட்டையில் கஷ்டப்படுகிற வீடுகளுக்கு மளிகை மூட்டை கொண்டுபோய்ப் போடும் வேலையைச் செய்தார்கள்.

அதற்குப் பிறகு தேனும் பாலுமா ஓடியது என்றால், அதுவும் இல்லை. 2021-22 சீஸனின் கடைசி 27 லீக் மேட்ச்சில் ஒன்றுகூட ஜெயிக்காமல் ஒரு டிவிஷன் கீழே இறங்கினார்கள். 2025 மே மாதம் பிளே ஆஃப் ஃபைனலில் ஜெயித்து மறுபடி ஏறினார்கள். ஏறுவார்கள், இறங்குவார்கள். அதுவா விஷயம்?

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கு ஒத்துவராது’ என்பவர்களுக்கு நம்மூர்க் கதை ஒன்று இருக்கிறது. சந்தோஷமாக ஆரம்பிக்கிற கதை.

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ லீகின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. ஆடுகிறது. பெயரில் சென்னை, குடியிருப்பு கோவை. ஜெயித்தால் இந்திய சாம்பியன். கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆடுகிறது. இவர்கள் வழுக்கினால் அவர்கள் சாம்பியன். ஆரம்பத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரைக்கும் மைதானத்தில் சப்தமே இல்லை. அப்புறம் பெட்ரோ மான்ஸி ஒரு பெனால்ட்டி. அந்த சீஸனில் மட்டும் அவர் 21 கோல்! அதற்குப் பிறகு கௌரவ் போரா இரண்டு. 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. எட்வின், ரெஜின் என்று நம்மூர்ப் பையன்கள் கோப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கிளப்பே வந்து 26 சதவிகிதப் பங்கு வாங்கிய நேரம் அது.

அடுத்த சீஸனிலேயே ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் லீக் ஆனது. ஐ லீக் இரண்டாம் வரிசைக்குப் போனது. ஐ லீகில் ஜெயித்தால் மேலே போகலாம் என்ற கதவு 2023-ல்தான் திறந்தது. ஜெயித்தவர்களுக்கு அன்றைக்கு மாடிப்படியே கிடையாது. மான்ஸி 2020-ல் ஜப்பான் போய்விட்டார். கொரோனா வந்தது. 2020-21 சீஸனை மொத்தமாக வங்காளத்தில், ஆள் இல்லாத மைதானங்களில் ஆடி, பட்டியலின் கீழ்ப் பாதியில் முடித்தார்கள். அதற்கடுத்த சீஸனுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. அதோடு ஐ லீகில் அந்தப் பெயர் இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட முடியவில்லை.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். அந்த மார்ச் 9-ம் தேதி கேலரியில் இருந்தவர். பட்டறைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இன்னும் அந்த ஆரஞ்சு ஜெர்ஸி தொங்குகிறது.

‘‘இன்னும் எடுக்கலீங்களாண்ணா?’’ என்றேன்.

‘‘எதுக்குங்க தம்பி எடுக்கோணும்? அது பாட்டுக்கு இருக்குது.’’

‘‘வருத்தமா இல்லீங்களா?’’

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். ‘‘இல்லாம இருக்குமுங்களா? ஆனா யாருகிட்ட போயிக் கேக்கறது? நாம டிக்கெட்டு வாங்குனோம், கை தட்டுனோம். நம்ம டீமுன்னு நெனச்சுட்டோம். நம்முளுதுதானான்னு ஒரு நாளும் கேட்டுக்கலையே.’’

அந்தப் பதிலைத்தான் நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். கோவைக்காரர்களுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொன்னால் அநியாயம். விம்பிள்டனுக்கு நூறு வருஷத்துப் பழக்கம் இருந்தது. தாத்தா நின்ற இடத்தில் பேரன் நின்றான். கோவைக்குக் கிடைத்தது மூன்று, நான்கு சீஸன். அன்பு இருந்தது, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இல்லை. உறுப்பினர் அட்டை இல்லை, ஓட்டு இல்லை, ‘ஞாயிற்றுக்கிழமை வந்து கேலரிக்கு வெள்ளையடிங்க’ என்று கூப்பிட ஆள் இல்லை. நம்மூரில் ரசிகனிடம் கேட்பதெல்லாம் கைத்தட்டலும் கட்-அவுட்டும்தானே?

அந்த அண்ணன் சும்மா இருக்கவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வண்டியில் ஏற்றி ஒரு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளூர் லீக் மேட்ச். கேலரி கிடையாது, ஒரு வேப்பமரம்தான். பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர் இருப்போம். அதில் ஐந்து பேர் வாக்கிங் வந்தவர்கள். அண்ணனுடைய டீமில் ஒரு பையன் ஃபவுண்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். பாதி மேட்ச்சில் அவனுக்குக் காலில் பிடித்துக்கொண்டது. அண்ணன் தண்ணீர் கேனோடு ஓடினார். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். சட்டனில் நான்கு, இங்கே மூன்று. பரவாயில்லை!

மேட்ச் முடிந்ததும் பையன்கள் சட்டையைக் கழற்றிக் கழற்றி அண்ணன் கொண்டுவந்த சிமென்ட் சாக்கில் போட்டார்கள். அவர் ஒவ்வொன்றாக எண்ணிச் சாக்கைக் கட்டினார்.

‘‘இது எங்கீங்கண்ணா போகுது?’’

‘‘நம்மூட்டு மிஷின்லதானுங்க. உங்க அண்ணி வாரா வாரம் திட்டுவா. செவ்வாக்கெழமைக்குள்ள காய வெச்சு மடிச்சுக் குடுத்துருவா’’ என்று சிரித்தார்.

உங்கள் பேட்டையிலும் இப்படி ஒரு டீம் இருக்கும். கார்ப்பரேஷன் மைதானத்திலோ, பழைய மில் பக்கத்துத் திடலிலோ, சர்ச் காம்பவுண்டிலோ ஆடிக்கொண்டிருக்கும். பேப்பரில் ஸ்கோர் வராது. விளம்பரமும் வராது. ஜெயிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். அநேகமாகத் தோற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்று பாருங்கள். டிக்கெட் கிடையாது. கை தட்டினால் பதினொரு பையன்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

போகும்போது ஒரு சாக்கு கொண்டுபோங்கள். சட்டை துவைக்க ஆள் இல்லாமல் இருக்கலாம்.