பதினாறு கட்டத்துப் போர்வீரன்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

தையல் வகுப்பில் கட்டம் போட்ட துணியில் 'கிராஸ் ஸ்டிச்' தைத்திருப்பீர்கள். கண்ணருகே வைத்துப் பார்த்தால் வெறும் பெருக்கல் குறிகள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் அழகிய கிளி. ஓய்வு நேரங்களில் நான் செய்துவரும் கைவேலையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஊசிக்குப் பதில் கணினி. நூலுக்குப் பதில் நிறம். இதற்குப் 'பிக்சல் ஓவியம்' என்று பெயர். திரையில் தெரியும் மிகச் சிறிய கட்டமே பிக்சல். அக்கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி உருவம் உண்டாக்குவதே இக்கலை.

நான் வரைவது பூவும் கிளியும் அல்ல, படைவீரர்கள்! "பெண்பிள்ளைக்கு இது என்ன ஆசை?" என்று பாட்டி கேட்காத நாளில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, தாம் மாணவராக இருந்தபோது ஆடிய 'கேம் பாய் அட்வான்ஸ்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை எனக்குத் தந்தார். அதில் 'அட்வான்ஸ் வார்ஸ்' என்ற ஆட்டம் இருந்தது. சதுரங்கத்தைப் போல, நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை என மாறி மாறி ஆடவேண்டும். கைவேகம் வேண்டியதில்லை, யோசனைதான் வேண்டும். அதன் திரை 240 பிக்சல் அகலமும் 160 பிக்சல் உயரமும் கொண்டது. காடு, மலை, சாலை, நகரம் ஒவ்வொன்றும் 16க்கு 16 பிக்சல். ஆகத் திரையில் ஒரே சமயத்தில் தெரிவது 150 சதுரங்களே. அந்தச் சிறிய பலகைக்குள் ஒரு நாடே அடங்கிவிடுகிறது!

இதற்கும் மூத்த ஆட்டங்கள் உண்டு. ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் 'ஃபேமிகாம்' இயந்திரத்தை வெளியிட்டது. அதற்காக 1988இல் 'ஃபேமிகாம் வார்ஸ்', 1990இல் 'ஃபயர் எம்பளம்' ஆகிய போர் வியூக ஆட்டங்கள் வந்தன. அந்த இயந்திரத்தில் நினைவகம் மிகக் குறைவு. 16க்கு 16 உருவம் ஒன்றுக்கு 64 பைட்டுகள்தாம் செலவாகும். நகரும் உருவம் ஒன்றின் ஒரு துண்டுக்கு மூன்று நிறங்களே கிடைக்கும். இந்த ஏழ்மைக்குள்தான் அக்காலத்து ஓவியர்கள் குதிரைவீரனையும் வில்லாளியையும் அடையாளம் தெரியும்படி வரைந்தார்கள்.

நானும் அந்த விதிகளையே எனக்கு வைத்துக்கொண்டேன். முதலில் கணக்கு நோட்டின் கிராஃப் தாளில் பென்சிலால் 256 கட்டங்களைக் குறிப்பேன். பிறகு கணினியில் நிரப்புவேன். வெளிக்கோடு ஒரு நிறம், முகமும் கையும் ஒரு நிறம், சீருடை ஒரு நிறம். ஒரு கண்ணுக்கு ஒரே கட்டம். அதை ஒரு கட்டம் கீழே இறக்கினால் வீரன் தூங்கி வழிவான். பக்கத்தில் நகர்த்தினால் திருடன்போல் பார்ப்பான். காட்டை வரைவது இன்னும் கடினம். ஒன்றையொன்று ஒட்டி வைக்கும்போது இணைப்புத் தெரியக்கூடாது. இடது ஓரத்து இலை, அடுத்த சதுரத்தின் வலது ஓரத்துக் கிளையோடு சேரவேண்டும்.

'ஃபயர் எம்பளம்' ஆட்டத்தில் நம்மவர் நீலம், எதிரி சிவப்பு. நான் வரைந்த நீல வீரனின் சீருடையை மட்டும் சிவப்பாக்கினேன். முகம் அதேதான், கண் அதேதான். நான்காம் வகுப்பில் படிக்கும் என் தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல யாரு கெட்டவன்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் அப்பா இராணுவத்தில் ஹவில்தார். 2025ஆம் ஆண்டு மே 7 முதல் 10 வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை நடந்தபோது அவர் வடக்கே எல்லைப் பகுதியில் பணியில் இருந்தார். அந்த நான்கு நாட்களும் அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. அம்மா கைப்பேசியைச் சமையலறை மேடையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 'ஃபயர் எம்பள'த்தில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு; போரில் வீழ்ந்தவன் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. ஆனால் மனம் பொறுக்காவிட்டால் இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம். அந்த நாட்களில் நான் விளையாட்டுக் கருவியைத் தொடவேயில்லை. மே 11 மாலை அழைப்பு வந்தது. "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார்.

அந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் இப்படி ஒரு சங்கடம் நேர்ந்ததாகப் பின்னர் அறிந்தேன். 'அட்வான்ஸ் வார்ஸ்' அமெரிக்காவில் வெளியானது 2001 செப்டம்பர் 10ஆம் நாள். மறுநாளே அங்கே பயங்கரத் தாக்குதல் நடந்தது. ஐரோப்பாவில் அதன் வெளியீட்டை 2002க்குத் தள்ளிவைத்தார்கள். ஜப்பானில் 2004இல்தான் வந்தது. அதன் புதிய பதிப்பையும், உக்ரைன் போர் மூண்டதால் 2022 மார்ச்சில் நிறுத்திவைத்து 2023 ஏப்ரலில் வெளியிட்டார்கள். உண்மைப் போர் நடக்கும்போது பொம்மைப் போரை நீட்டக் கை கூசும் அல்லவா?

விடுமுறையில் வந்த அப்பாவிடம் என் ஓவியங்களைத் தயக்கத்தோடு காட்டினேன். "இதையெல்லாம் வரையலாமாப்பா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா இவனுக்குத் தண்ணி பாட்டில் இல்லையே! தண்ணி இல்லாம எப்படி நிப்பான்?" என்றார். நான் வீரனின் இடுப்பில் இரண்டு கட்டங்களை நிரப்பித் தண்ணீர்ப் புட்டி வைத்தேன். பிறகு சிவப்பு வீரனைத் திறந்தபோது அப்பாவே, "அவனுக்கும் வை. அவனுக்கும் தாகம் எடுக்கும்" என்றார்.

தம்பியின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது என் படையில் 12 உருவங்கள் இருக்கின்றன. நீலத்திலும் சிவப்பிலும் எல்லோர் இடுப்பிலும் அந்த இரண்டு கட்டங்கள் உண்டு. அடுத்ததாகக் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் ஒருவரை வரையப் போகிறேன். அவருக்கு எந்த நிறம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தோழியரே, தேர்வு முடிந்ததும் கிராஃப் தாளில் ஒரு முகம் வரைந்து பாருங்கள். கட்டங்கள் குறையக் குறைய, எது முக்கியம் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.